ஐந்தாவது கட்டம்

"உனக்கு விரல் நீட்டத் தெரியுமில்ல?" என்று அக்கா கேட்டாள். தலையாட்டினேன். "அது போதும், கிளம்பு" என்றாள்.

அக்கா பல்கலைக்கழகத்தில் மென்பொருள் வடிவமைப்பு கற்பிக்கிறாள். அவளுடைய மாணவர்கள் ஒரு செயலி செய்யப்போகிறார்கள். பள்ளியைப் பாதியில் விட்டவர்கள் மறுபடி படிக்க விண்ணப்பிப்பதற்கு. அப்படி ஒருத்தி வீட்டிலேயே இருக்கும்போது வெளியே தேடுவானேன்?

வகுப்பில் யாரையும் கணினியைத் திறக்கவே அவள் விடவில்லை. ஒவ்வொரு திரையையும் தாளில் வரைந்திருந்தார்கள். நான் தாளில் விரல் வைத்தால், கண்ணாடி போட்ட ஒரு மாணவி அடுத்த தாளை எடுத்து வைக்க வேண்டும். அவள்தான் கம்ப்யூட்டர்.

"விதி ஒண்ணுதான்," என்றாள் அக்கா. "தங்கச்சி முடிக்கிற வரைக்கும் யாரும் வாயைத் திறக்கக் கூடாது. நாளைக்கு இதைத் தனியா உக்காந்து நிரப்புறவங்க பக்கத்துல நின்னு நீங்க விளக்கப்போறதில்ல."

"மேடம், இவ வாயை மூடணும்னா வேற கம்ப்யூட்டர்தான் வாங்கணும்," என்றான் நெட்டையான ஒரு மாணவன். கம்ப்யூட்டர் அவன் காலை மிதித்தது.

அப்போதுதான் துறைத் தலைவர் வந்து பின்வரிசையில் உட்கார்ந்தார். அக்காவின் ஒப்பந்தம் இந்த மாதத்தோடு முடிகிறது. நீட்டிக்கக் கையெழுத்துப் போட வேண்டியவர் அவர். அந்தத் தாளும் பேனாவும் அவர் கையில் இருந்தன. காலையில் அக்கா மூன்று முறை உடை மாற்றியது அதற்காகத்தான்.

முதல் தாளில் பெயர். இரண்டாவதில் வயது. மூன்றாவது தாள் வந்தது.

'பள்ளியை விட்டதற்கான காரணம்.' கீழே நான்கு கட்டங்கள்: வறுமை, திருமணம், நோய், படிப்பில் ஆர்வமின்மை. அதற்கும் கீழே 'அடுத்து'.

எங்கள் வீட்டில் சோற்றுக்குக் குறைவில்லை. எனக்குக் கல்யாணம் ஆகவில்லை, காய்ச்சலும் வரவில்லை. ஆர்வமில்லை என்று தொட்டிருக்கலாம். சொந்தக்காரர்கள் எல்லாரும் அப்படித்தான் சொல்கிறார்கள். ஒன்பதாம் வகுப்பில் ஆசிரியை என் நோட்டைப் பிடுங்கி, எனக்கென்று நான் எழுதி வைத்திருந்ததை உரக்கப் படித்தார். வகுப்பே சிரித்தது. மறுநாள் நான் போகவில்லை. படிப்பு என்னை ஒன்றும் செய்யவில்லை.

நேராக 'அடுத்து' மேல் விரல் வைத்தேன். கம்ப்யூட்டர் ஒரு துண்டுத் தாளை நீட்டியது: 'ஒரு காரணத்தைத் தேர்ந்தெடுக்கவும்.' மறுபடி வைத்தேன். அதே துண்டு. மூன்றாம் முறையும் அதே.

"எதையாவது ஒண்ணைத் தொடும்மா," என்றார் துறைத் தலைவர். "இதுல என்ன இருக்கு? அடுத்த மாசம் இதை வெளியிட்டாகணும்."

அக்காவைப் பார்த்தேன். தொட்டுத் தொலை என்று அவள் கண் காட்டியிருந்தால் தொட்டிருப்பேன்.

"சார், பேசக் கூடாது," என்றாள் அக்கா.

"நான் உங்க ஸ்டூடண்ட் இல்ல மேடம்."

"தெரியும் சார். விதி இந்த ரூமுக்கு."

யாருக்கோ இருமல் வந்து பாதியில் நின்றது.

நெட்டையனின் பென்சிலை எடுத்தேன். நான்கு கட்டங்களுக்கும் கீழே ஐந்தாவதாக ஒன்று வரைந்தேன். கோடு கோணிக்கொண்டு போனது. போகட்டும். உள்ளே, 'வகுப்பில் என்னைப் பார்த்துச் சிரித்தார்கள்' என்று எழுதி, அதன் மேலேயே விரலை வைத்தேன். எடுக்கவில்லை.

கம்ப்யூட்டர் தன் கட்டு முழுவதையும் புரட்டியது. இதற்கென்று ஒரு தாளும் அதனிடம் இல்லை. கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு, நான்காவது தாளை உருவி என் முன்னால் வைத்தது: 'எந்த வகுப்பில் சேர விரும்புகிறீர்கள்?'

"மூணாவது திரை தப்பு. எழுதிக்குங்க," என்றாள் அக்கா. "அந்தக் காரணத்தை நாம ஏன் கேக்குறோம்னு அதுக்குக் கீழேயே எழுதுங்க. பதில் வரலைன்னா திரையையே கிழிச்சிடுங்க."

எல்லாரும் குனிந்து எழுதினார்கள். துறைத் தலைவர் கையெழுத்துப் போடாத தாளை மடித்து, பேனாவை மூடிச் சட்டைப்பையில் செருகினார். எழுந்து, யாரையும் பார்க்காமல் வெளியே போனார்.