எதிர் நடைபாதையில் மதனி

“அஞ்சு நிமிசம் மதனி. உதைப் பாத்திட்டு உடன வாறன்.”

“உங்கட அஞ்சு நிமிசம் எனக்குத் தெரியாதே! நேற்று அந்தச் செங்கல் தேவாலயத்துக்க அஞ்சு நிமிசம் எண்டுதான் போனனீங்கள். நான் வெளியில நிண்டு ஒரு கடதாசிச் சரை கச்சான் கடலையையும் தின்டு முடிச்சன்.”

“கச்சான் நல்லாயிருந்ததெல்லே?”

“போங்கோ, போங்கோ. கட்டடத்தைக் கண்டா உங்களுக்குப் பெண்சாதி ஏன்?”

பிரணவன் மனைவி மதனியைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே வீதியைக் கடந்தான்.

யாழ்ப்பாணத்தில் வீட்டு பிளான் கீறுவது அவனுடைய தொழில். ஊர் பார்க்கப் போனால் மற்றவர்கள் கடை பார்ப்பார்கள். இவன் கூரை பார்ப்பான். கண்டிக்கு வந்த இரண்டு நாளில் மாளிகையின் எட்டுப்பட்டை மண்டபம், குளத்தைச் சுற்றிய முகில் வடிவ மதில், அரச மண்டபத்தின் மரத் தூண்கள் என்று கழுத்து நோகப் பார்த்தாகிவிட்டது. இன்று பெரஹெரத் திருவிழாவின் கடைசி நாள். பகல் ஊர்வலம். காலையிலிருந்தே வீதியின் இரு பக்கமும் சனம் பாய் விரித்து உட்கார்ந்திருந்தது. குருநாகல் பக்கத்துக் குடும்பமொன்று தங்கள் பாயின் நுனியில் மதனிக்கு இடம் கொடுத்திருந்தது.

அவளுக்கு நேர் எதிரேதான் அந்தக் கட்டடம். இரண்டு கண்ணாடிக் கடைகளுக்கு நடுவில் பழைய இரண்டு மாடி. மேலே கம்பிக் கைபிடி வைத்த மர பல்கனி. கூரை விளிம்பு நெடுகப் பலகையில் வெட்டிய பூவேலை. பல்கனியைத் தாங்கும் இரும்புக் கைகள் கொடி மாதிரிச் சுருண்டிருந்தன.

கீழே துணிக்கடை. வாசலில் நின்ற தாடிக்காரர் இவன் அண்ணாந்து பார்ப்பதையே பார்த்துக்கொண்டிருந்தார். கழுத்தில் தையல்காரரின் நாடா.

“தம்பி, வெளிய நின்டு பாத்தா பாதிதான் தெரியும். என்ட தையல் கடை மேலதான் ஈக்கி. வாங்க, உள்ளுக்கு வந்து பாருங்க. பேர் மக்கீன்.”

இதைவிட வேறென்ன வேண்டும்? பிரணவன் முதுகுப் பையோடு மரப்படியில் ஏறினான்.

மேலே நீண்ட ஹோல். ஆணியே தெரியாமல் பொருத்திய பலகை முகடு. கதவுகளுக்கு மேல் அரை வட்டமாகப் பச்சையும் சிவப்புமாய்க் கண்ணாடி; வெயில் அதன் வழியாக இறங்கித் தையல் மெஷின்களின் மேல் நிறநிறமாய்க் கிடந்தது. பல்கனிக்குப் போகும் கதவுகள் எல்லாம் சரிந்த பலகைகளை இடைவெளி விட்டு அடுக்கிய சாய்சட்டக் கதவுகள். பிரணவன் ஒவ்வொன்றையும் தடவித் தடவிப் பார்த்தான். படம் எடுத்தான். மக்கீன் கதை சொல்லிக்கொண்டே வந்தார். எவ்வளவு நேரம் போயிற்று என்று அவனுக்குத் தெரியாது.

கீழே கடகடவென்று ஒரு சத்தம். தகடு தரையில் மோதியது.

“என்ன நானா அது?” முஸ்லிம் அண்ணன்மாரைக் கூப்பிடும் முறையில், அதற்குள் மக்கீன் அவனுக்கு ‘நானா’ ஆகியிருந்தார்.

“கீழ்க் கடை முதலாளி ஷட்டரப் பூட்டுறாரு. ஊர்வலம் முடிஞ்சிதான் தொறப்பாரு. பயப்பட வேணாம், நான் மேல ஈக்கிறது அவருக்குத் தெரியும். வருஷா வருஷம் இப்பிடித்தான்.”

“நான் இருக்கிறது தெரியுமோ?”

மக்கீன் நெற்றியில் அடித்துக்கொண்டார்.

பிரணவன் படியில் உருண்டு விழாத குறையாக இறங்கினான். துணிக்கடை இருட்டாக இருந்தது. ஷட்டரை இரண்டு கையாலும் தூக்கினான். அசையவில்லை. வெளியே பூட்டு. தட்டினான். ஓங்கிக் குத்தினான். தகட்டில் முதுகு சாய்த்து வெளியே இருந்த யாரோ பதிலுக்கு இரண்டு தட்டுத் தட்டிச் சிரித்தார்கள். ஒலிபெருக்கி இரைச்சலில் அவன் குரல் அவனுக்கே கேட்கவில்லை.

“பின் கதவு?”

“பின்னுக்கு மதில்தான் தம்பி. அடுத்த வீதி பேங்க்ட மதில். மேல முள்ளுக்கம்பி.”

“முதலாளிக்கு போன் பண்ணுங்கோ!”

மக்கீன் அடித்தார். இத்தனை சனமும் ஒரே நேரத்தில் போனில். லைன் போகவே இல்லை. திரும்ப அடித்தார். இல்லை.

பிரணவன் மதனிக்கு அழைத்தான். அதிசயம், மணி போனது.

அவனுடைய முதுகில் அதிர்ந்தது.

காலையில் அவள் சொன்னது அப்போதுதான் உறைத்தது. “செக்கிங்கில ஒவ்வொண்டா இறக்கிக் காட்டேலாது. என்ர சாமானையும் உங்கட பையுக்க போடுறன்.” அவன் பையைத் திறந்தான். அவளுடைய போன். அவளுடைய பர்ஸ். அதற்குக் கீழே, நீல நிறத்தில், அவளுடைய இன்ஹேலர்.

மதனிக்கு முட்டு வருத்தம், ஆஸ்துமா. சின்ன வயதிலிருந்து. தூசியும் புகையும் ஆகாது. அந்த நீலக் குழாய் அவளிடமிருந்து இரண்டு முழம் தள்ளி இருந்ததாக அவனுக்கு நினைவில்லை.

மேலே ஓடினான். சாய்சட்டங்களுக்கிடையில் கண்ணை வைத்தான்.

வீதியின் இரு கரையிலும் கயிறு கட்டியாகிவிட்டது. நடுவில் ஈ, காக்கை இல்லை. எதிரே பாயின் நுனியில் மஞ்சள் சட்டையோடு மதனி. பக்கத்தில் யாரோ ஊதுபத்திக் கட்டை அப்படியே கொளுத்தி வைத்திருந்தார்கள். அவள் இரண்டு கையையும் முழங்காலில் ஊன்றி முன்னுக்குக் குனிந்திருந்தாள். தோள்கள் ஏறி ஏறி இறங்கின.

அந்த இருப்பு அவனுக்குத் தெரியும். அதற்குப் பிறகு என்ன வரும் என்பதும் தெரியும். போன மாரியில் ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேருமுன் அவளுடைய உதடு நீலம் பாரித்திருந்தது.

பாயில் இடம் கொடுத்த குருநாகல் அம்மா அவள் முதுகைத் தடவினாள். மதனி வாயைத் திறந்தாள், பேச்சு வரவில்லை. கையை மட்டும் தூக்கி எதிர்க் கட்டடத்தின் வாசலைக் காட்டினாள். பூட்டிய ஷட்டரை.

பிரணவன் கதவின் கொண்டியில் கை வைத்தான்.

மக்கீன் அந்தக் கையைப் பிடித்துக்கொண்டார்.

“தொறக்க வேணாம் தம்பி! முதலாளி படிச்சிப் படிச்சிச் சொல்லிட்டுப் போயிருக்காரு. அங்க கூரைய பாருங்க.”

எதிர்க் கூரையில் சீருடைக்காரன் ஒருவன். கண்ணில் பைனாகுலர். தோளில் துப்பாக்கி.

“நானா, அந்தா அதில இருக்கிறது என்ர மனிசி. மூச்சு விட ஏலாமல் கிடக்கிறாள். மருந்து என்ர கையில.”

“அல்லாஹ்வே!” மக்கீன் சட்டத்தினூடே பார்த்தார். குரல் இறங்கியது. “மேல் மாடி. பூட்டின கட்டடம். ஊர்வலம் வாற வழி. திடீரெண்டு கதவு தொறந்து ஒரு ஆள் சாமானொண்ட எறிஞ்சா அவன் என்ன நெனப்பான்?”

“அப்ப கத்துவம். நீங்கள் கத்துங்கோ. உங்களுக்குச் சிங்களம் நல்லா வரும்.”

“நான் கத்தவா? இந்தத் தாடியோடயா? ஈஸ்டர் குண்டுக்குப் பொறகு நான் பஸ்ல இருமுறதுக்கே யோசிக்கிற ஆள். நீங்க கத்துங்க.”

“நான் யாழ்ப்பாணம், நானா. முதுகில பை வேற. நான் தமிழில கத்தினா?”

“அப்ப ரெண்டு பேரும் நல்ல சோடிதான்!”

சிரிக்க வேண்டிய நேரமில்லை அது. இருவருக்கும் சிரிப்பு வரவும் இல்லை.

ஒலிபெருக்கி அடங்கியது. தூரத்தில் வெடித்தது. சாட்டை. ஊர்வலத்தின் முன்னால் வருகிறவர்கள் வீதியில் ஓங்கி அடிக்கும் சாட்டை. அவர்கள் வந்துவிட்டால் அந்த வீதியை எவரும் குறுக்கே கடக்க முடியாது. மருந்தும்தான்.

மதனி பக்கவாட்டில் சரிந்தாள். குருநாகல் அம்மாவின் மடியில் தலை போய் விழுந்தது.

பிரணவன் பையைக் கழற்றித் தரையில் போட்டான். கொண்டியை நீக்கினான். இன்ஹேலரை விரலிடுக்கில் பிடித்து இரண்டு கையையும் தலைக்கு மேல் தூக்கினான். தோளால் கதவை இடித்தான். திறந்தது.

வெயில் கண்ணில் அடித்தது. ஒரு அடி வைத்தான். பல்கனிப் பலகை முனகியது.

“மதனி!”

கீழே ஒரு தலை நிமிர்ந்தது. பிறகு பத்து. பிறகு வீதி முழுக்க. எதிர்க் கூரையில் பைனாகுலர் இறங்கியது; துப்பாக்கி ஏறியது. அதன் வாய் தன்னை நோக்கி நிற்பதைப் பிரணவன் பார்த்தான். தெரிந்த சிங்களச் சொல் எல்லாம் அந்த நொடியில் எங்கோ போய்விட்டது. “ஹுஸ்ம... ஹுஸ்ம...” என்று மட்டும் வந்தது. மூச்சு, மூச்சு.

கயிற்றோரத்துப் பொலிஸ்காரர் விசிலை ஊதிக்கொண்டு ஓடி வந்தார். உள்ளே போ என்று கையை வீசினார். சனம் கட்டடத்திலிருந்து விலகத் தொடங்கியது. ஒரு குழந்தை வீறிட்டது. இன்னும் கொஞ்சம் போனால் நெரிசல்தான்.

அப்போது அவன் பக்கத்தில் பலகை இன்னொரு முறை முனகியது.

மக்கீன். இரண்டு கையும் மேலே. வீதிக்கே கேட்கும்படி சிங்களத்தில் கத்தினார்.

“சேர்! அந்தப் பக்கம் மஞ்சள் சட்டைப் பிள்ளைக்கு மூச்சு அடைக்குது! இவர்ட மனைவி! மருந்து இவர் கையில! எங்கள உள்ள வெச்சுப் பூட்டிட்டாங்க!”

பொலிஸ்காரர் எதிரே திரும்பிப் பார்த்தார். குருநாகல் அம்மா, “அனே, மஹத்தயா!”, ஐயோ ஐயா, என்று அலறிக்கொண்டு கையை ஆட்டினாள்.

பொலிஸ்காரர் மேலே பார்த்தார். “பை இருக்கா?”

“இருக்கு சேர்,” என்றார் மக்கீன்.

“கொண்டு வா. எல்லாத்தையும் கொட்டு.”

மதனி அங்கே கிடக்கிறாள். இவன் இங்கே பையை எடுத்து வந்து கவிழ்த்தான். பர்ஸ் விழுந்தது. இரண்டு போன். தண்ணீர்ப் போத்தல். பாதி தின்ற ரோல்ஸ் சுற்றிய கடதாசி. அவளுடைய மாற்று உள்பாவாடை பல்கனிக் கம்பியில் தொங்கியது. வீதி முழுக்கப் பார்த்தது. பொலிஸ்காரர் கூரைக்காரனுக்குக் கையைக் காட்டினார். கூரைக்காரன் துப்பாக்கியைத் தாழ்த்த யோசித்தான்.

சாட்டை வெடித்தது. அடுத்த மூலையில்.

“போடு!” என்று கத்தினார் பொலிஸ்காரர்.

எறியக் கை வரவில்லை. தரையில் பட்டு உடைந்தால்? சனத்துக்குள் விழுந்து மிதிபட்டால்? கீழே இருந்த ஒரு பெண் அதைக் கண்டுகொண்டாள் போல. வெயிலுக்குப் பிடித்திருந்த குடையைத் தலைகீழாகத் திருப்பி அவனுக்கு நேரே நீட்டினாள்.

பிரணவன் கையை விட்டான்.

நீலக் குழாய் குடைக்குள் விழுந்து ஒரு சுற்றுச் சுற்றி நின்றது. கை மாறியது. இன்னொரு கை. கயிறு. பொலிஸ்காரர் அதை எடுத்துத் திருப்பிப் பார்த்தார். ஒரு முறை காற்றில் அழுத்தினார். மூக்கைச் சுருக்கினார். பிறகு, சாட்டைக்காரர்கள் மூலை திரும்பும்போது, அந்தத் தடித்த மனிதர் தொப்பியைப் பிடித்துக்கொண்டு வீதிக்குக் குறுக்கே ஓடினார்.

குருநாகல் அம்மா மதனியைத் தூக்கி இருத்தினாள். ஒரு இழுப்பு. ஒன்றும் நடக்கவில்லை. இன்னொன்று. தோள் ஏறியது. இறங்கியது. மறுபடியும் ஏறியது.

“எறங்குது தம்பி. தோள் மெதுவா எறங்குது. அல்ஹம்துலில்லாஹ்.”

பிரணவன் உள்ளே போகத் திரும்பினான். கூரையிலிருந்து அதட்டல் வந்தது.

“என்னவாம் நானா?”

“அசைய வேணாமாம். ரெண்டு பேரும் இங்கயே, கை ரெண்டும் கம்பியில, அவனுக்குத் தெரியிற மாதிரி. ஊர்வலம் முடியிற வரைக்கும்.”

“முடிஞ்சாப் பிறகு?”

“பொலிசுக்குப் போகணும். பேர் எழுதணும். அது எனக்குப் பழக்கம். உங்களுக்கும் பழக்கந்தானே?”

பிரணவன் கம்பியைப் பிடித்தான். சாட்டைக்காரர்கள் கீழே கடந்தார்கள். கொடிக்காரர்கள் கடந்தார்கள். மேளம் நெஞ்சுக்குள் அடித்தது. நகரத்திலேயே நல்ல இடம் அவனுடையதுதான்; அவன் பார்த்தது மஞ்சள் சட்டையை மட்டும்.

மதனி தலையை நிமிர்த்தினாள். எதிர் பல்கனியில் அவனைக் கண்டாள். கம்பியில் தொங்கிய பாவாடையையும் கண்டாள். கையை நீட்டி, இருங்கோ, உங்களுக்கு இருக்கு என்பது போல விரலை ஆட்டினாள். அவ்வளவு பலம் வந்துவிட்டது.

முதல் யானை வந்தது. சிவப்புப் போர்வை போட்ட பெரிய உடம்பு மெல்ல மெல்ல நகர்ந்து அவளை முழுதாக மறைத்தது. பிரணவன் மூச்சைப் பிடித்துக்கொண்டான். கம்பியிலிருந்து கையை எடுக்க முடியாது. எட்டிப் பார்க்க முடியாது.

யானை கடந்தது. மதனி இருந்தாள்.

“எத்தினை யானை நானா?”

“இது தொடக்கம் தம்பி,” என்றார் மக்கீன்.

அடுத்தது வந்துகொண்டிருந்தது.