ஏத்வா கூட்டி வந்த பெண்

லோஹர்கேடாவில் பஸ்ஸை விட்டு இறங்கிய ஏத்வா, கையிலிருந்த துணிப்பையைத் தோளில் மாட்டிக்கொண்டு சற்று நேரம் அப்படியே நின்றான். ஜார்க்கண்டின் கும்லாவிலிருந்து புறப்பட்டு, டெல்லியும் தாண்டி, மூன்றாவது நாள். கண்ணுக்கெட்டிய தூரம் கடுகு பூத்துக் கிடந்தது. இந்த மஞ்சளைப் பார்த்துக்கொண்டுதான் ஒன்பது வருடமாகத் தன் தங்கை இருந்திருக்கிறாள் என்று நினைத்துக்கொண்டான்.

டீக்கடையில் ஒரு டீ சொல்லிவிட்டு விசாரித்தான்.

"சத்பீர் வீடு எது?"

"எந்த சத்பீர்? நொண்டி சத்பீரா?"

"தெரியாது. அவர் சம்சாரம் ஜார்க்கண்டுக்காரி. மங்ரின்னு பேரு."

கடைக்காரன் டீயை ஆற்றிக்கொண்டே சிரித்தான். "அப்படிப் பேர் சொல்லிக் கேட்டா இங்க யாருக்குத் தெரியும்? பாரோன்னு சொல்லு, வெளியூர்லேர்ந்து காசு குடுத்துக் கூட்டியாந்த பொண்டாட்டிங்களுக்கெல்லாம் இங்க அதான் பேரு. அப்பவும் எந்த பாரோன்னு கேப்பேன். ஏழெட்டு இருக்கு ஊருல. வங்காளத்து பாரோ, அஸ்ஸாம் பாரோ, உங்கூரு பாரோ ரெண்டு." பிறகு இவனை மேலும் கீழும் பார்த்தான். "நீ யாரு அவளுக்கு?"

"அண்ணன்."

பெஞ்சில் உட்கார்ந்திருந்த இரண்டு பேர் பேச்சை நிறுத்தினார்கள். கடைக்காரன் காசு வாங்காமல் வழியை மட்டும் காட்டினான்.

மங்ரிக்குப் பதினேழு வயதிருக்கும்போது டெல்லியில் வீட்டு வேலை இருக்கிறது என்று சொல்லி ஒரு பெண் ஊருக்கு வந்தாள். வேறு இரண்டு பெண்களோடு மங்ரியையும் ராஞ்சி ஸ்டேஷனில் ரயிலேற்றிவிட்டது ஏத்வாதான். ஜன்னல் வழியாக அவளுக்கு ஒரு பொட்டலம் வேர்க்கடலை வாங்கிக் கொடுத்தான். அதன் பிறகு தகவலே இல்லை. போன பங்குனியில் கோதுமை அறுப்புக்குப் போய்வந்த பக்கத்து ஊர்க்காரன் ஒருவன் வந்து சொன்னான், லோஹர்கேடா என்ற ஊரில் வயலுக்குச் சோறு கொண்டுவந்த பெண் முக்காட்டுக்குள்ளிருந்து அவனிடம் மெதுவாகப் பேசினாளாம். கொத்தனார் ஏத்வாவின் தங்கை நான், உயிரோடிருக்கிறேன் என்று சொல் என்றாளாம். ஏத்வா புறப்படுவதற்குப் பத்து மாதம் ஆயிற்று. பயம்தான் காரணம். வேறு என்ன சொன்னாலும் அது பொய்.

வீட்டு முற்றத்தில் வேப்பமரத்தடியில் கட்டில் போட்டு நாலு பேர் ஹுக்கா குடித்துக்கொண்டிருந்தார்கள். நடுவில் இருந்தவர் சத்பீரின் அண்ணன் ஜில்லே சிங். பெரிய உடம்பு, வெள்ளைத் தலைப்பாகை. ஏத்வா யாரென்று சொன்னதும் முகம் ஒரு கணம் இறுகியது. பிறகு தளர்ந்தது.

"வாய்யா, உக்காரு. மச்சான் மொறை ஆச்சே நீ. ஒம்பது வருசம் கழிச்சு மச்சானுக்கு வழி தெரிஞ்சிருக்கு பாருங்கப்பா."

மற்றவர்கள் சிரித்தார்கள். ஓரமாக உட்கார்ந்திருந்த ஒருவன் மட்டும் சிரிக்கவில்லை. ஐம்பது வயதிருக்கும். ஒரு கால் சூம்பியிருந்தது. இவன்தான் சத்பீராக இருக்க வேண்டும் என்று ஏத்வா புரிந்துகொண்டான். அவன் தரையைப் பார்த்தபடியே இருந்தான்.

"தங்கச்சியப் பாக்கலாம்னு வந்தேன். முடிஞ்சா ஒரு மாசம் ஊருக்குக் கூட்டிட்டுப் போலாம்னு..."

"அதுக்கென்ன, பாரு. நல்லாப் பாரு." ஜில்லே சிங் புகையை விட்டார். "அவள நாங்க யாரும் கடத்திட்டு வரல. கோயில்ல மால மாத்தித்தான் கூட்டியாந்தோம். வேளாவேளைக்குச் சோறு, பால், மோர். உங்க காட்டுல அவளுக்கு மோர் கெடச்சுதா? ஆனா கூட்டிட்டுப் போறதுங்கிற பேச்சு வேணாம். ரெண்டு எருமை கன்னு போட்டிருக்கு, கடுகு அறுப்பு வருது. அவ போறேன்னா போகட்டும். புள்ள மட்டும் எங்க ரத்தம். அது வாசல் தாண்டாது."

உள்ளிருந்து ஒரு பெண் இடுப்பு வரை இறங்கிய முக்காட்டோடு வந்து டீ வைத்தாள். கை கறுத்துக் காய்ப்பேறியிருந்தது. மணிக்கட்டில், சின்ன வயதில் குத்திய பச்சைப் புள்ளிகள் மூன்று. அதை வைத்துத்தான் அவள் மங்ரி என்று ஏத்வாவுக்குத் தெரிந்தது. அவள் நிற்கவில்லை. டம்ளரை வைத்துவிட்டுப் போய்விட்டாள்.

கதவருகே ஆறு வயதுச் சிறுமி ஒருத்தி நின்று இவனையே பார்த்துக்கொண்டிருந்தாள். மூக்கும் நெற்றியும் அப்படியே அவன் அம்மாவுடையவை. அவன் கை நீட்டினான். அதற்குள் ஜில்லே சிங்கின் மனைவி வந்து, "மோனா, உள்ள வா" என்று தோளைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனாள்.

சாயங்காலம் மங்ரி தொழுவத்திலிருந்து எல்லோருக்கும் கேட்கும்படி சத்தம் போட்டாள். "வந்த ஆளு சும்மாதான உக்காந்திருக்கு? எருமைக்குத் தண்ணி காட்டணும். ஒரு கை பிடிக்கச் சொல்லுங்க."

முற்றத்தில் மறுபடி சிரிப்பு. "போ மச்சான், விருந்து போட்டதுக்கு வேலை செய்."

தொழுவத்தின் உள்பக்கம், தீவனத் தொட்டிக்குப் பின்னால் அவள் முக்காட்டைத் தூக்கினாள். இருபத்தாறு வயதுக்காரியின் முகம் இல்லை அது. தங்கள் குடுக் மொழியில் ஏதோ சொல்ல வாயைத் திறந்தாள். இரண்டு வார்த்தை வந்தது. மூன்றாவது வரவில்லை. தேடினாள், கிடைக்கவில்லை. சலிப்போடு தலையை ஆட்டிவிட்டு அந்த ஊர்ப் பேச்சுக்கே திரும்பினாள்.

"அம்மா?"

"போயிட்டா. ரெண்டு வருசம் ஆச்சு."

அவள் தவிட்டைக் கரைத்துக்கொண்டே இருந்தாள். "என்னக் கேட்டாளா?"

"தெனமும் கேட்டா."

"நீ என்ன சொன்னே?"

"டெல்லியில ஒரு டாக்டர் வீட்டுல வேலை செய்றான்னு."

"பரவால்லையே. நல்ல எடமாத்தான் பாத்து வெச்சிருக்கே எனக்கு."

ஏத்வாவால் நிமிர முடியவில்லை. "எனக்குத் தெரியாது மங்ரி. சத்தியமா..."

"தெரியாதுதான். உனக்குத் தெரியும்னா நான் சொல்றேன்? அந்தப் பொம்பள டெல்லி ஸ்டேஷன்லயே என்னக் கைமாத்திட்டா. உன் கடலப் பொட்டலத்த அப்பத்தான் பிரிச்சிருந்தேன்." வாளியைக் கீழே வைத்தாள். "இப்ப அழுவாத. நேரமில்ல. நாளைக்கு மொத பஸ்ஸுக்குப் போறேன்னு போய் அவங்ககிட்ட சொல்லு. பஸ் ரோட்டோரத்துல வரட்டி தட்டுற எடம் இருக்கு, போர்போரா அடுக்கியிருக்கும். விடியக்கால நான் அங்கதான் இருப்பேன்."

"மோனா?"

"எல்லாம் நான் பாத்துக்கறேன். நீ ஒண்ணும் கேக்காத."

ஏத்வா பையிலிருந்து அம்மாவின் சிவப்புக்கரை போட்ட வெள்ளைச் சேலையை எடுத்துக் கொடுத்தான். அவள் அதை முகத்தில் வைத்து மோந்து பார்த்தாள். பிறகு தவிட்டு மூட்டைக்கு அடியில் செருகிவிட்டாள்.

அன்றிரவு அவனுக்கு நல்ல தூக்கம் வந்தது. மூன்று டிக்கெட் எடுக்க வேண்டும், மோனாவுக்கு வழியில் என்ன வாங்கித் தரலாம் என்றுகூட யோசித்தான்.

விடிகாலையில் ஜில்லே சிங்கே அவனை வாசல் வரை வந்து வழியனுப்பினார். பனி இறங்கிப் பத்தடிக்கு மேல் ஒன்றும் தெரியவில்லை. ரோட்டை நெருங்கியபோது வரட்டிப் போர்களுக்கு நடுவே இரண்டு உருவங்கள் தெரிந்தன. ஒன்று மங்ரி, சாணிக் கூடையோடு. மற்றது குந்தியிருந்த சின்ன உருவம், தலையோடு காலாக அம்மாவின் சேலையைச் சுற்றியிருந்தது. மோனாதான் என்று நினைத்துக் குனிந்தான். முக்காட்டுக்குள் இருந்தது வேறு முகம். பதினைந்து, பதினாறு வயதிருக்கும். கன்னத்தில் பழைய காயம் கன்றிப்போயிருந்தது.

"இவ சல்கி. எங்களுக்குப் பக்கத்து வீடு. ஊரு நம்ம பக்கம்தான், சிம்டேகாகிட்ட ஏதோ கிராமம், அவ சொல்லுவா. கொண்டுவந்து ரெண்டு மாசம் ஆகுது. ரெண்டு தடவ ஓடிப்போய் மாட்டிக்கிட்டா. பொட்டப்புள்ள தனியா பஸ் ஏறினா அந்த டீக்கடைக்காரனே பிடிச்சுக் குடுத்துடுவான். ஆம்பள தொணை இருந்தா கேக்க மாட்டான்."

ஏத்வாவுக்கு முதலில் புரியவில்லை. புரிந்தபோது கோபம் வந்தது.

"நான் உனக்காக வந்தேன்டீ. இவ யாரு எனக்கு?"

"மெதுவாப் பேசு."

"நீ வா. நீயும் வா, மூணு பேரும் போலாம்."

"மோனா உள்ள இருக்கா. நேத்து நீ வாசல்ல கால் வெச்சதுலேர்ந்து அவள என் கைக்கு விடல. ராத்திரி அவ பெரியம்மா பக்கத்துல போட்டு, கதவச் சாத்திட்டாங்க." அவள் குரல் ஏற்ற இறக்கமில்லாமல் இருந்தது. "அவள விட்டுட்டு வந்து நான் ஊருல என்ன பண்ணுவேன்? பத்து வருசத்துல அவளுக்கும் இவங்கதான் கல்யாணம் பேசுவாங்க. அப்ப நான் இங்க இருக்கணும்."

"இவளக் காணோம்னா உன்னத்தான கேப்பாங்க?"

"கேக்கட்டும்."

"அடிச்சுக் கொன்னு போட்டுருவாங்க, மங்ரி."

"கொல்ல மாட்டாங்க. எருமைக்கு யாரு பால் கறப்பா?"

பனிக்குள்ளிருந்து பஸ்ஸின் ஹாரன் கேட்டது. சல்கி இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். பற்கள் குளிரில் அடித்துக்கொண்டன. மங்ரி அவள் கையைப் பிடித்து ஏத்வாவின் கைக்குள் வைத்தாள்.

"என்னை ரயிலேத்திவிட்ட இல்ல? இவளக் கொண்டுபோய் எறக்கிவிடு."

ஏத்வா அந்தக் கையைப் பிடித்தபடி ரோட்டுக்கு நடந்தான்.

பஸ்ஸில் கண்டக்டர் டார்ச்சை அடித்து, "யாரு இது?" என்றான்.

"தங்கச்சி" என்றான் ஏத்வா.

சல்கி ஜன்னல் பக்கம் ஒடுங்கி உட்கார்ந்திருந்தாள். ஒவ்வொரு நிறுத்தத்திலும் மூச்சை அடக்கிக்கொண்டாள். பின்னால் மோட்டார் சைக்கிள் சத்தம் கேட்டபோதெல்லாம் ஏத்வா திரும்பிப் பார்த்தான். யாரும் வரவில்லை. டெல்லியில் ரயிலேறிய பிறகுதான் அவள் முதன்முதலாகப் பேசினாள்.

"அக்கா உங்களப் பத்திச் சொல்லிட்டே இருப்பாங்க. வருவீங்கன்னு."

"எப்பச் சொன்னா?"

"நான் வந்த நாள்லேர்ந்து. எங்க அண்ணனுக்குச் சுவர் நேரா கட்டத் தெரியும்னு சொல்லுவாங்க."

ஏத்வா எழுந்து கக்கூஸுக்குப் போய்க் கதவைத் தாழிட்டுக்கொண்டு வெகுநேரம் நின்றான்.

சல்கியை அவள் வீட்டில் விட்டான். கூரை சரிந்த வீடு. அவள் அம்மா மகளைப் பிடித்துக்கொண்டு அழுதாள். இவன் காலைத் தொட்டாள். ஒரு கோழியைப் பிடித்துக் கொடுக்கப் பார்த்தாள். வேண்டாம் என்று சொல்லிவிட்டு வந்தான்.

பிறகு கும்லாவில் இப்படித் தொலைந்துபோன பெண்களைத் தேடும் பெனடிக்டா டொப்போ என்ற பெண்மணியைப் போய்ப் பார்த்தான். மனு எழுதினார்கள். ஒரு அலுவலகம் இன்னொன்றுக்கு அனுப்பியது, அது மற்றொன்றுக்கு. ஒன்பது மாதம் ஓடியது. மழைக்காலம் முடிந்து ஐப்பசியில்தான் பெனடிக்டாவும் ஏத்வாவும் ஒரு போலீஸ்காரரும் லோஹர்கேடா முற்றத்தில் போய் நின்றார்கள்.

இதற்கிடையில் நடந்தது ஒன்று உண்டு. புறப்படுவதற்கு ஒரு வாரம் முன்பு ஏத்வா சல்கியைப் பார்க்கப் போனான், மங்ரியிடம் சொல்வதற்கு ஏதாவது இருக்கட்டும் என்று. சல்கி வீட்டில் இல்லை. பஞ்சாபில் ஏதோ வேலை இருக்கிறது என்று ஓர் ஆள் வந்து கூட்டிப்போய் ஒரு மாதம் ஆகிறது. "நல்ல ஆளு, பாத்தாலே தெரியும்" என்றாள் அவள் அம்மா. அவளுக்குப் பின்னால் நாலு குழந்தைகள் நின்றன.

முற்றத்தில் ஊரே கூடிவிட்டது. முப்பது பேராவது இருப்பார்கள். ஜில்லே சிங் போலீஸ்காரருக்குக் கட்டில் போட்டு மோர் கொடுத்தார். மங்ரியைக் கூப்பிட்டார்கள். முக்காட்டோடு வந்து நின்றாள். இடது கை முழங்கைக்குக் கீழே கோணலாகச் சேர்ந்திருந்தது. விரல்கள் மூடியபடியே இருந்தன.

"இந்தக் கை?" என்றாள் பெனடிக்டா.

"எருமை முட்டிடுச்சு."

"இங்க யாராவது உன்னைக் கட்டாயப்படுத்தி வெச்சிருக்காங்களா?" என்று போலீஸ்காரர் கேட்டார், அத்தனை பேருக்கும் நடுவில்.

ஜில்லே சிங்கின் மனைவி மோனாவைத் தன் முன்னால் நிறுத்தி இரண்டு தோள்களிலும் கை வைத்திருந்தாள்.

"இல்ல. என் இஷ்டத்துலதான் இருக்கேன்."

"தனியாப் பேசணும்" என்றாள் பெனடிக்டா. போலீஸ்காரர் கடிகாரத்தைப் பார்த்தார். "அதான் சொல்லிடுச்சேம்மா." எழுதி முடித்த காகிதத்தில் மங்ரி வலது கட்டைவிரலை வைத்தாள். ஏத்வா சாட்சிக் கையெழுத்துப் போட்டான்.

மை ஒத்திய விரலைத் துடைக்க அவள் தண்ணீர்த் தொட்டிப் பக்கம் போனாள். ஏத்வாவும் தண்ணீர் குடிப்பதுபோல் பின்னால் போனான். முக்காடு சற்று விலகியது. மேல்வரிசையில் இரண்டு பல் இல்லை.

"அந்தப் புள்ள?" என்றாள்.

ஏத்வா தொட்டித் தண்ணீரைக் கையில் மொண்டான். "வீட்டுல கொண்டுபோய் விட்டேன். அவங்கம்மா கட்டிப் பிடிச்சுட்டு அழுதாங்க."

"நல்லாருக்காளா?"

"நல்லாருக்கா."

மங்ரி தலையை ஆட்டினாள். கேட்டது போதும் என்பதுபோல் விரலைச் சேலையில் துடைத்துக்கொண்டாள். "இங்க ரெண்டு வாரமா இன்னொருத்தி வந்திருக்கா, ஒடிசாக்காரி" என்று ஏதோ சொல்ல ஆரம்பித்தாள். அதற்குள் முற்றத்திலிருந்து யாரோ, "பாரோ, எங்க போய்த் தொலஞ்சே?" என்று கூப்பிட்டார்கள். முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு போனாள்.

ஜீப்பில் ஏறிய பிறகு பெனடிக்டா கேட்டாள், "சல்கியப் பத்திச் சொன்னீங்களா?"

ஏத்வா முகத்தை வெளிப்பக்கம் திருப்பிக்கொண்டான். வயல்களில் அப்போதுதான் கடுகு விதைத்துக்கொண்டிருந்தார்கள்.