வெண்டெல் ப்ருசாக் விற்ற சரக்கு

மேற்படிப்புக் கண்காட்சிக்கு வர வெண்டெல் ப்ருசாக் லேசில் சம்மதிக்கவில்லை. அவனுக்கு வேண்டிய படிப்பு ஒன்றே ஒன்று, மீன்வளம். மனசு வைத்த இடமும் ஒன்றே ஒன்று, வட மினசோட்டாவில் ஏரிக்கரையில் இருக்கும் ஒரு சின்னப் பல்கலைக்கழகம். இரண்டாம் ஆண்டில் வேதியியலில் தோற்றதில் அவனுடைய சராசரி, அவர்கள் கேட்கும் எல்லைக்கு மயிரிழை கீழே போய் நின்றது. விலக்கு உண்டா என்று விசாரித்து அவன் அனுப்பிய மின்னஞ்சலுக்கெல்லாம் "உங்கள் ஆர்வத்துக்கு நன்றி" என்று ஒரு இயந்திரம் பதில் போட்டது.

"மெஷின்கிட்ட பேரம் பேச முடியாதுடா," என்றேன். "அங்கேருந்து ஆள் வருதாம். நேர்ல போய் நில்லு."

"நின்னா மார்க் கூடிருமா?"

"எங்க கடையில எவனாவது படத்தைப் பாத்து சோபா வாங்கறானா? உக்காந்து பாக்கறான், அமுக்கிப் பாக்கறான், அப்புறம் தையல் கோணல்னு சொல்றான். கோணல்னு சொன்ன உடனே எங்கப்பா காபி கொண்டு வரச் சொல்லிடுவாரு. ஆள் வாங்கப் போறான்னு தெரிஞ்சிரும்."

"நான் சோபா இல்ல, முனீர்."

"ஆமா. சோபா உன்னைவிட நல்லாப் பேசும்."

எனக்கு மேற்படிப்பு எண்ணம் கிடையாது. டொலிடோவில் அப்பாவின் மேசை நாற்காலிக் கடை எனக்காகக் காத்திருக்கிறது. கண்காட்சியில் இலவசமாகத் தரும் துணிப்பைகள் உறுதியானவை, அதற்காகத்தான் போனேன். அப்பா துக்க வீடுகளுக்குப் போட்டுப்போகும் கம்பளிக் கோட்டை வெண்டெலுக்கு மாட்டிவிட்டேன். வாசலில் கொடுத்த பெயர்ச்சீட்டு அதில் ஒட்டாமல் எங்கோ உதிர்ந்துவிட்டது.

எங்கள் கல்லூரியின் வழிகாட்டி அலுவலகம் எல்லாருக்கும் அரை நிமிடப் பேச்சு ஒன்றைச் சொல்லிக்கொடுத்திருந்தது. எல்லாருக்கும் ஒரே பேச்சு. "சிக்கல்களைத் தீர்ப்பதில் எனக்குப் பேரார்வம்" என்று மண்டபம் முழுக்க ஒரே முனகல். மேசைக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தவர்களின் முகங்கள், கடை சாத்தும் நேரத்தில் வெறுமனே விலை கேட்டுப் போகிறவனைப் பார்க்கும் முகங்களாக ஆகியிருந்தன.

மீன்வள மேசை ஒரு மூலையில் இருந்தது. மேலே ஒரு கண்ணாடி ஜாடி, அதற்குள் திரவத்தில் ஊறி வெளுத்து, வாய் முழுக்கப் பல்லாக ஒரு உறிஞ்சி விலாங்கு. பக்கத்திலேயே மிட்டாய்க் கிண்ணம். விலாங்கைப் பார்த்தவர்கள் மிட்டாயைத் தொடவில்லை. பின்னால் இருந்த ஐம்பது வயது அம்மாள் திருமதி ஹாகன்.

"வணக்கம் மேடம், சிக்கல்களைத் தீர்ப்பதில் எனக்கு..."

"தம்பி, உனக்கு அவசரமா?"

"இல்ல மேடம்."

"எனக்கு அவசரம். காலையிலேருந்து காபியா குடிச்சிட்டிருக்கேன். எங்க ஊர்லேருந்து ஒத்தை ஆளைத்தான் அனுப்பறாங்க, மேசையை விட்டு எந்திரிக்க முடியல. இங்க நின்னு கொஞ்சம் பாத்துக்கோ."

போய்விட்டார். கோட்டுப் போட்டவன் மேசைக்கு அந்தப் பக்கம் நின்றால் அவன்தான் கடைக்காரன். ஒரு பெண் வந்தாள்.

"அங்க வாழ்க்கை எப்படி சார் இருக்கும்?"

"குளிரும்," என்றான் வெண்டெல். "கையில மீன் வாசம் போகாது. எலுமிச்சம்பழம் தேச்சாலும் போகாது."

அவள் நன்றி சொல்லி நகர்ந்தாள். அடுத்து வந்தவன் வேலை கிடைக்குமா என்று கேட்டான்.

"விடியறதுக்கு முன்னாடி படகுல ஏறி வலை இழுக்கப் பிடிச்சா கிடைக்கும். ஆபீஸ்தான் வேணும்னா வணிக மேலாண்மை அந்தக் கோடியில."

அவனும் போனான். "டேய், சரக்கை விக்கச் சொன்னா ஆளை விரட்டறியே," என்றேன். அதற்குள் குட்டையாக ஒரு பெண் ஜாடியைக் காட்டி, "இது கடிக்குமா?" என்று கேட்டுவிட்டாள். வெண்டெலுக்கு எங்கிருந்துதான் வாய் வந்ததோ. அது மீனின் விலாவில் எப்படி ஒட்டிக்கொள்ளும், ஏரிக்குள் எப்படிப் புகுந்தது, அதை எப்படி ஏமாற்றிப் பிடிக்கிறார்கள் என்று பொழிந்து தள்ளினான். அவள் மிட்டாய் எடுத்து வாயில் போட்டுக்கொண்டே தன் பெயரை எழுதிக் கொடுத்தாள். தன்னை விற்கத் தெரியாதவன் அடுத்தவர் சரக்கை இப்படி விற்பான் என்று நான் நினைக்கவேயில்லை.

அப்போதுதான் வழிகாட்டி அலுவலகத்து லொரெய்ன் ஸ்டப்ஸ் வந்தார்.

"சார், ஒரு சின்ன உதவி. எங்க பையன் ஒருத்தன் உங்க மேசைக்கு வருவான். பேரு வெண்டெல் ப்ருசாக்."

நான் நாக்கைக் கடித்துக்கொண்டேன். வெண்டெலின் முகம் ஜாடியில் இருந்ததன் நிறத்துக்கு வந்தது.

"நல்ல பையன்தான். பேச்சுதான் சுத்தமா வராது. கம்ப்யூட்டர்லதான் ஆலோசனைக்கு வருவான், கேமராவப் போடவே மாட்டான். கருப்புக் கட்டத்துக்கிட்ட நானா பேசிட்டிருப்பேன், அது 'ம்'னு சொல்லும். வந்தான்னா கொஞ்சம் பொறுமையாக் கேளுங்க."

வெண்டெல் தொண்டையைச் செருமினான். "அவன் வேதியியல்ல ஏன் தோத்தான்னு கேட்டீங்களா?"

"இல்ல சார். 'தனிப்பட்ட காரணம்'னு எழுதச் சொல்லிட்டேன். அதுதான் வம்பில்ல."

"ஏன்தான் தோத்தான்?" என்று பின்னாலிருந்து ஒரு குரல். திருமதி ஹாகன் திரும்பி வந்திருந்தார்.

வெண்டெல் ஜாடியைப் பார்த்தே சொன்னான். "பரீட்சை அன்னிக்கு ஆத்துல வால்ஐ மீன் ஏறிச்சு."

வசந்தத்தில் அந்த மீன் முட்டையிட ஏரியிலிருந்து மௌமி ஆற்றில் ஏறும்போது எங்கள் ஊரில் பாதிப் பேருக்கு லீவு போடத் தொண்டை வலி வந்துவிடும். பல் டாக்டரும் பாதிரியாரும் ரப்பர் கால்சட்டையோடு பக்கத்துப் பக்கத்தில் தூண்டில் போடுவார்கள். அந்த வாரம் எங்கள் கடையில் ஒரு ஸ்டூல்கூட விற்காது. ஆனால் அதற்காகப் பரீட்சையை யாரும் விட்டதில்லை.

"பிடிக்கப் போகல மேடம். முட்டை எங்க விடுதுன்னு பாக்கப் போனேன். பாலத்துக்குக் கீழன்னு எல்லாரும் சொல்றாங்க, அங்க இல்ல. தீவைத் தாண்டி சரளைக்கல்லுல விடுது. இடுப்பளவு தண்ணி. நான் கரையேறினப்போ பரீட்சை முடிஞ்சிருச்சு, சராசரியும் உங்க எல்லைக்குக் கீழ போயிருச்சு."

"நீங்க எதுக்கு சார் 'நான்'னு..." ஸ்டப்ஸ் கோட்டைப் பார்த்தார், முகத்தைப் பார்த்தார். "வெண்டெலா?"

"ம்," என்றான் வெண்டெல்.

அந்த 'ம்' அவருக்கு நன்றாகத் தெரிந்த 'ம்'. பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார்.

"வேதியியலைத் திரும்ப எழுதினியா?" என்றார் ஹாகன்.

"எழுதிப் பாஸ் பண்ணிட்டேன் மேடம். மீன் வராத சீசன்ல."

"நான் போய் வர்றதுக்குள்ள ரெண்டு பேரை விரட்டிட்டே. தள்ளி நின்னு பாத்துக்கிட்டுத்தான் இருந்தேன்."

"மன்னிச்சிருங்க மேடம்."

"எதுக்கு? முதல் பனியிலேயே அழுதுட்டு ஊருக்குப் போற ஆளுங்க அவங்க. வருஷா வருஷம் நான்தான் பஸ் ஏத்தி விடறேன்." ஒரு அட்டையை எடுத்துத் தன் எண்ணை எழுதினார். "சேத்துக்கறது என் கையில மட்டும் இல்ல, குழு இருக்கு. எல்லைக்குக் கீழ இருக்கறவனுக்காகக் குழுவுல ஒருத்தர் எந்திரிச்சுப் பேசணும்னு விதி. நான் பேசறேன். 'தனிப்பட்ட காரணம்'னு மட்டும் எழுதித் தொலைக்காதே. மீன் வந்துச்சுன்னு எழுது."

நான் அவன் விலாவில் இடித்தேன். "கட்டணத்துல தள்ளுபடி கேளுடா."

"உண்டு," என்றார் ஹாகன், என்னை ஏற இறங்கப் பார்த்து. "நேர்ல வந்து கேக்கறவங்களுக்கு."

வெண்டெல் அட்டையை வாங்கிக் கோட்டுக்குள் வைத்தான். போகாமல் நின்றான்.

"இன்னும் என்ன?"

"மேடம், அங்க பரீட்சை எப்போ வரும்?"

"மீன் ஏறி இறங்கினப்புறம்தான்," என்றார் ஹாகன். "அதுக்கு முன்னாடி வெச்சா வாத்தியாருங்களே வர மாட்டாங்க."