கதவருகே நிற்காதீர்கள், வாக்காளப் பெருமக்களே!

அவளைப் பெயர் சொல்லிக் கூப்பிடுகிறவர்கள் அந்தத் தெருவில் யாருமில்லை. பஸ்ஸக்கா என்றால்தான் தெரியும். நகரப் பேருந்துகளில் "அடுத்த நிறுத்தம், ஆஸ்பத்திரி" என்று கேட்கிறதே, அந்தக் குரல் அவளுடையது. பதிவெல்லாம் வீட்டில்தான். துணி அலமாரியைத் திறந்து, தொங்குகிற சட்டைகளுக்கு நடுவே மைக்கும் கையுமாகத் தலையை நுழைத்துக்கொள்வாள். துணிகள் எதிரொலியை விழுங்கிவிடும். பிறகு கூடத்து மூலையில் இருக்கும் கம்ப்யூட்டரில் வெட்டி ஒட்டி, பேருந்து நிறுவனத்துக்கு அனுப்பிவிடுவாள்.

அந்தக் கம்ப்யூட்டருக்கு இன்னொரு பங்காளி, அவள் மாமியார். அந்த அம்மாள் அதில் சீட்டாடுவதைப் பார்க்க வேண்டும். கண் திரைக்குப் போவதற்கு முன்பே சீட்டு போய்ச் சேர்ந்திருக்கும்.

தேர்தல் வந்தது. எதிர்த் தெருவில் கிளினிக் வைத்திருக்கும் பல் டாக்டரம்மா வார்டு கவுன்சிலருக்கு நின்றார். பிரசார வண்டியில் ஒலிக்க ஒரு நல்ல குரல் வேண்டுமென்று பஸ்ஸக்காவிடம் வந்தார். அதே வாரம் பேருந்து நிறுவனமும் புது அறிவிப்புகள் கேட்டிருந்தது. இரண்டையும் ஒரே மூச்சில் முடித்தவள், ஒரு கோப்புறைக்கு 'புதுசு' என்று பெயர் வைத்தாள், இன்னொன்றுக்கு 'புதுசு 2' என்று. அடுப்பில் பால் பொங்கும் வாசனை வர, இரண்டையும் அவசர அவசரமாக அனுப்பிவிட்டு ஓடினாள்.

மறுநாள் காலை முதல் போன் அவள் கணவனிடமிருந்து வந்தது. அவன் நகரப் பேருந்து ஓட்டுநர். வண்டியை ஸ்டாண்டில் நிறுத்திவிட்டுப் பேசினான்.

"ஏய், என்னத்த அனுப்பித் தொலைச்ச?"

"ஏன், என்னாச்சு?"

"ஆஸ்பத்திரி ஸ்டாப்ல கதவு தெறக்குது. உன் குரல், 'இந்த அவலத்துக்கு முடிவு கட்ட வேண்டாமா?'ன்னு கேக்குது. அடுத்த ஸ்டாப்ல டிக்கெட் பரிசோதகர் ஏறுறாரு. 'இவர்களை இன்னும் எத்தனை காலம் பொறுத்துக்கொள்வது?'ன்னு ஒரு போடு போடுற பாரு! மொத்த பஸ்ஸும் கை தட்டுது. மனுஷன் மூஞ்சி சுண்டிப்போயி அடுத்த ஸ்டாப்லயே எறங்கிட்டாரு."

இரண்டு கோப்புறையும் இடம் மாறிப் போய்விட்டது பஸ்ஸக்காவுக்குப் புரிந்தது. அப்படியானால் பிரசார வண்டியில் என்ன ஒலிக்கிறது என்று நினைத்து முடிப்பதற்குள் டாக்டரம்மாவே அழைத்துவிட்டார்.

"நான் வண்டி மேல நின்னு கை அசைச்சிட்டு இருக்கேன். ஸ்பீக்கர் என்ன சொல்லுது தெரியுமா? 'படியில் தொங்காதீர்கள், கைக்குழந்தையோடு வருபவர்களுக்கு இடம் கொடுங்கள்'!"

"ஐயோ டாக்டர், மன்னிச்சிருங்க, இப்பவே சரியானத அனுப்பிடறேன்..."

"இரு, இன்னும் கேளு. 'இது கடைசி நிறுத்தம், அனைவரும் இறங்கவும்'னு வந்துச்சா, நம்ம டிரைவர் பாவம், பிரேக் போட்டுட்டாரு. கூட வந்த ஆளுங்க எல்லாரும் கட்டளைக்குக் கட்டுப்பட்டவங்க மாதிரி எறங்கிட்டாங்க. நான் ஒருத்தி மட்டும் மேல நிக்கறேன்!"

மறுமுனையில் விநோதமான சத்தம் கேட்டது. அழுகிறாரோ என்று பயந்துபோனாள் பஸ்ஸக்கா. இல்லை, சிரிப்பு. ஆண்டுக்கணக்கில் முகக்கவசத்துக்குள்ளேயே வாயை வைத்திருந்த டாக்டரம்மா, நடுத்தெருவில் முப்பத்திரண்டு பல்லும் தெரியச் சிரித்துக்கொண்டிருந்தார். ஜன்னல்கள் ஒவ்வொன்றாகத் திறந்தன. நேற்றுவரை வண்டியைக் கண்டால் கதவைச் சாத்தியவர்கள் இன்று வாசலுக்கு வந்து நின்றார்கள்.

"எதையும் மாத்தாத," என்றார் டாக்டரம்மா மூச்சு வாங்க. "இப்படியே ஓடட்டும். நானும் எறங்கி நடக்கப் போறேன்."

வண்டி தப்பித்தது. பேருந்துகள் தப்பிக்குமா? நிறுவனத்தின் அதிகாரி அழைத்தபோது அவர் குரலில் நெருப்புப் பொறி பறந்தது.

"பஸ்ல பிரசாரம் பண்றது எவ்வளவு பெரிய குத்தம்னு தெரியுமா? இப்பவே நிறுத்தணும்!"

"புதுசா அனுப்பிடறேன் சார்."

"எப்படி வாங்கும்? பணிமனையில நிக்கும்போதுதான் வண்டிங்க ஃபைலை எடுத்துக்கும். எல்லாம் ரோட்டுல இருக்கு. சாயங்காலம்தான் திரும்பும்."

"அப்ப சத்தத்த அணைச்சிடுங்க சார்."

"அணைச்சிட்டா? கண்ணு தெரியாதவங்க எப்படி எறங்குவாங்க?"

அப்போதுதான் பஸ்ஸக்காவுக்குச் சுரீரென்று உறைத்தது. புயல் நாட்களில் ஓட்டுநர்களையும் பயணிகளையும் எச்சரிக்க, நேரடியாகப் பேசும் வசதி ஒன்று உண்டு. வரைபடத்தில் ஒவ்வொரு பேருந்தும் ஒரு புள்ளியாக ஊரும். புள்ளியை அழுத்தினால் அந்தப் பேருந்துக்குள் பேசலாம்.

"சார், பதிவ நிறுத்திடுங்க. நான் நேரா சொல்லிடறேன். ஒவ்வொரு ஸ்டாப்பா."

"எல்லா பஸ்ஸுக்குமா? உனக்கென்ன பைத்தியமா?"

"வேற வழி இருந்தா சொல்லுங்க!"

அவர் பதிவை நிறுத்தினார். அந்த வரைபடத்துக்குள் நுழையக் கடவுச்சொல்லையும் கொடுத்தார்.

திரையில் புள்ளிகள் எறும்பு மாதிரி ஊர்ந்தன. ஒன்றை அழுத்தி "தபால் நிலையம்" என்று சொல்வதற்குள் இன்னொன்று பழைய மார்க்கெட்டைத் தாண்டிவிட்டது. மூன்றாவதைப் பிடிப்பதற்குள் முதலாவது போய்விட்டது. பின்னாலிருந்து பார்த்துக்கொண்டிருந்த மாமியாருக்கு அதற்கு மேல் பொறுக்கவில்லை.

"எழுந்திரும்மா. நகரு."

"அத்தை, இது சீட்டாட்டம் இல்ல!"

"எனக்கு ரெண்டும் ஒண்ணுதான். நீ வாயைப் பாத்துக்க, நான் கையைப் பாத்துக்கறேன்."

அதன் பிறகு நடந்ததுதான் வேடிக்கை. மாமியார் படபடவென்று புள்ளிகளைத் தட்ட, மருமகள் அவர் தோளுக்குப் பின்னால் நின்று பேசினாள். "ஆஸ்பத்திரி!" தட்டு. "தண்ணீர்த் தொட்டி!" தட்டு. "நூலகம், வலது பக்கம் இறங்கவும்!" தட்டு. மூச்சுவிட நேரமில்லை. முதலில் பயத்தில் வியர்த்தது. பிறகு எப்போது என்று தெரியவில்லை, பயம் போய் உடம்பெல்லாம் ஒரு குறுகுறுப்பு பரவிவிட்டது. ஊரே தன் உள்ளங்கையில் ஓடுகிறது போலிருந்தது அவளுக்கு. ஜன்னலுக்கு வெளியே மழை இருட்டிக்கொண்டு வருவதைப் பார்த்தாள். எல்லாப் பேருந்துக்கும் சேர்த்துச் சொன்னாள்: "கொடியில் துணி காயப் போட்டவர்கள் வீட்டுக்கு போன் செய்துவிடுங்கள்." நிஜமாகவே நிறையப் பேர் போனை எடுத்ததாகப் பிறகு கேள்வி.

இந்த மும்முரத்தில் கணவன் ஓட்டும் பேருந்தின் புள்ளியைப் பார்த்ததும் வாய் தானாகத் திறந்துகொண்டது.

"என்னங்க, சாப்பாட்டு டப்பாவ மேசை மேலயே வச்சிட்டுப் போயிட்டீங்களே!"

சொன்ன பிறகுதான் நாக்கைக் கடித்துக்கொண்டாள். அவன் பேருந்து நிறைய ஆட்கள். மாமியாருக்கு அது போதவில்லை. மருமகள் கையிலிருந்த மைக்கை வெடுக்கென்று பிடுங்கினார்.

"டேய், பாலத்துக்கிட்ட மெதுவாப் போடா. வண்டியில பிள்ளைத்தாச்சி யாராவது இருப்பாங்க!"

அந்தப் பேருந்தில் எழுந்த சிரிப்பை அவர்களால் கேட்க முடியாது. ஆனால் அடுத்த ஸ்டாண்டிலிருந்து கணவன் அழைத்தபோது பின்னணியில் திருவிழாக் கூட்டம் மாதிரி இரைச்சல்.

"என் மானத்த வாங்கிட்டீங்க ரெண்டு பேரும்," என்றான். குரலில் கோபமில்லை. "ஒரு பெரியவர் அவரு டப்பாவுல பாதியக் குடுத்துட்டாரு. எறங்க வேண்டிய எடம் வந்தும் நாலஞ்சு பேரு எறங்கல. அடுத்து என்ன சொல்லுவீங்கன்னு கேக்க உக்காந்திருக்காங்க."

அந்தி சாயும் நேரத்தில் புள்ளிகள் ஒவ்வொன்றாகப் பணிமனைக்குள் போய் அணைந்தன. பஸ்ஸக்காவின் தொண்டை கட்டிக் கரகரத்தது. மாமியார் விரல்களைச் சொடுக்கெடுத்துக்கொண்டே, "நாளைக்கு எத்தனை மணிக்கு ஆரம்பிக்கணும்?" என்று கேட்டார். நாளைக்குச் சரியான பதிவு ஓடும், இனி வேலையில்லை என்று அவள் சொன்னதும் அந்த அம்மாள் முகம் வாடிவிட்டது.

மறுநாள் அதிகாரி அழைத்தார். வேலை போச்சு என்று நினைத்துத்தான் போனை எடுத்தாள். புகார் வந்திருப்பது உண்மைதான் என்றார் அவர். நேற்றுப் பேசிய அம்மா ஏன் இன்று பேசவில்லை என்பதுதான் புகார். "காலையில ஒரு மணி நேரம் மட்டும் நேரா பேசு. அரசியல் கிரசியல் வாயில வரக்கூடாது, சொல்லிட்டேன்."

டாக்டரம்மாவின் எதிரணிக்காரர் தேர்தல் அலுவலகத்தில் ஒரு புகார் கொடுத்தார். டாக்டரம்மா நடந்ததை நடந்தபடி சொல்லி மன்னிப்புக் கேட்டார். அதோடு விட்டுவிட்டார்கள். அன்று சாயங்காலமே எதிரணிக்காரர் பஸ்ஸக்காவின் வீட்டு வாசலில் வந்து நின்றார். நம்ம வண்டிக்கும் அதே மாதிரி தப்புத் தப்பாக ஒன்று பேசிக் கொடுக்க முடியுமா என்று குழைந்தார்.

"தப்பெல்லாம் தெரிஞ்சு செய்ய வராதுங்க," என்று கும்பிடு போட்டு அனுப்பினாள் அவள்.

டாக்டரம்மா ஜெயித்தார். தெருத்தெருவாக நடந்ததில் செருப்பு தேய்ந்துபோயிருந்தது. முடிவு வந்தபோது கிளினிக்கில் யாருக்கோ பல்லில் துளை போட்டுக்கொண்டிருந்தாராம். வாயைத் திறந்தபடி கிடந்த நோயாளிதான், பேச முடியாமல், இரண்டு கையையும் தட்டி முதல் வாழ்த்தைச் சொன்னார்.