அடுப்பு இல்லாத பாலிசி

ரோசி தன் சாப்பாட்டு வண்டியின் பக்கவாட்டுக் கதவைத் தூக்கிக் கம்பியில் மாட்டும்போது மணி பதினொன்றரை. அதற்குள் எண்ணெய் காய்ந்திருக்க வேண்டும். துறைமுகத்துக்குப் போகிற கண்டெய்னர் லாரிகள் டோல்கேட்டில் வரிசையாக நின்றுவிட்டால் ஓட்டுநர்கள் தட்டைத் தேடி இறங்கி வந்துவிடுவார்கள். பன்னிரண்டரைக்குப் பக்கத்து பேக்கிங் கம்பெனிப் பெண்கள் வருவார்கள். சோறு, மீன் குழம்பு, நெத்திலி வறுவல். இரண்டு மணிக்குள் பாத்திரம் காலியாகிவிடும்.

வண்டி பழைய 'குட்டி யானை' மினி லாரி. மகளிர் குழுவில் கடன் எடுத்து வாங்கி, பின்பக்கம் தகரக் கூண்டு கட்டி, உள்ளே இரண்டு அடுப்பு வைத்திருந்தாள். கணவன் பெயர் சாவியோ, மீன்பிடித் துறைமுகத்தில் ஐஸ் ஏற்றுகிறவன். அந்த வேலை வாரத்தில் நாலு நாள்தான். ராயபுரத்தில் அவர்கள் வீட்டு அடுப்பு எரிவதே இந்த வண்டி அடுப்பால்தான்.

வண்டிக்கு இன்சூரன்ஸ் போட்டுக் கொடுத்தவன் ஃப்ரெடி. ஒரே கோயில், ஒரே தெரு. ஏஜென்ட் என்பதைவிடத் தம்பி என்றுதான் ரோசி நினைத்திருந்தாள். வந்து வண்டியை நாலு பக்கமும், கதவைத் திறந்து உள்ளேயும் போட்டோ எடுத்தான். ஃபாரத்தை நீட்டினான்.

"சரக்கு வண்டின்னே போட்டுர்றேன்க்கா. சாப்பாட்டு வண்டி, கேஸ் அடுப்புன்னு எழுதினா பிரிமியம் எகிறிடும்."

"உள்ள அடுப்பு கீதேடா. நாளைக்கு இன்னானா ஆச்சின்னா?"

"அதான் நான் கீறேன்ல. நீ கையெழுத்து போடு."

பணம் மிச்சமாகிறதே என்று ரோசிக்கும் மனசுக்குள் ஒரு சந்தோஷம். படிக்காமல் போட்டாள். மூன்று கையெழுத்து.

அது நடந்தது ஏப்ரல் மாதம், ஒரு செவ்வாய்க்கிழமை. கேஸ் டியூபை மாற்ற வேண்டும் என்று பத்து நாளாக நினைத்துக்கொண்டிருந்தவள், நாளைக்கு நாளைக்கு என்று தள்ளிப் போட்டிருந்தாள். அன்றைக்கு வெயிலிலும் அடுப்புச் சூட்டிலும் டியூப் வெடித்துவிட்டது. 'உஸ்' என்ற சத்தம் கேட்டுத் திரும்புவதற்குள் தீ வெளிப்பக்கமாகப் பாய்ந்தது. தட்டு வாங்கக் கை நீட்டி நின்றவள் பேக்கிங் கம்பெனி ராமசெல்வி. சாத்தூர்ப் பக்கத்திலிருந்து வந்து, கொருக்குப்பேட்டையில் தோழிகளோடு அறை எடுத்துத் தங்கியிருக்கும் இருபத்து நாலு வயதுப் பெண். அவள் துப்பட்டாவில் தீ பிடித்துக்கொண்டது.

பக்கத்தில் கரும்புச்சாறு போடும் மஜீது ஈரச் சாக்கை அவள் மேல் போர்த்தி அணைத்தார். பிறகு வண்டிக்குள் தாவி சிலிண்டரை மூடினார். அதற்குள் கூண்டு கருகிவிட்டது. ராமசெல்வியின் வலது கை, முழங்கையிலிருந்து தோள் வரை வெந்திருந்தது. ரோசி அவளைத் தன் மடியில் சாய்த்துக்கொண்டு ஆட்டோவில் அரசு மருத்துவமனைக்குப் போனாள். வழியெல்லாம் அந்தப் பெண் கேட்டது ஒன்றுதான். "அக்கா, கை பழையபடி வந்துருமா? எனக்கு வேலையே கையிலதான்க்கா."

ரோசி தன் முந்தானையால் அவள் நெற்றி வியர்வையைத் துடைத்துக்கொண்டே வந்தாள்.

நாலாம் நாள், சேதத்தை மதிப்பிட இன்சூரன்ஸ் கம்பெனி அனுப்பிய சர்வேயர் வந்தார். பெயர் சங்கரநாராயணன். ஃப்ரெடி தலையைக் குனிந்துகொண்டு அவர் பின்னால் நின்றான். கருகிய வண்டியை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்தார் அவர்.

"பாலிசியில சரக்கு வண்டின்னு இருக்கு. உள்ள பார்த்தா ஹோட்டல். பொய் டிக்ளரேஷன். ஒரு பைசா வராதும்மா."

அவர் குரலைத் தாழ்த்தினார்.

"ஒரு வழி இருக்கு. வயரிங் கோளாறுல தீப்பிடிச்சதுன்னு ரிப்போர்ட் எழுதிடறேன். அடுப்பைக் கழட்டி எங்கேயாவது போட்டுடுங்க. எனக்குப் பதினஞ்சாயிரம். இந்தப் பேப்பர்ல ஒரு கையெழுத்து."

அந்தத் தாளில் தட்டச்சு செய்திருந்தது: 'சம்பவத்தின்போது வண்டியில் சமையல் நடைபெறவில்லை. யாரும் காயமடையவில்லை.'

"யாரும் காயமடையலியா?" என்றாள் ரோசி. "அப்ப ஆஸ்பத்திரில பட்த்துகினு கீதே, அது யாரு?"

"அந்தப் பொண்ணு அங்க இருந்தான்னா சமையல் நடந்துதுன்னு ஆயிடும். புரிஞ்சுக்கோங்க. அது வேற எங்கேயோ சுட்டுக்கிச்சு. நமக்குத் தெரியாது. யோசிச்சு சொல்லுங்க."

அன்று மாலை வீட்டில் சண்டை.

"போட்டுத் தொலையேன் ரோசி," என்றான் சாவியோ. "வண்டி இல்லாம இன்னா பண்ணுவே? குழுக் கடன் நிக்குது. துட்டு வந்தா அந்தப் பொண்ணுக்கும் கொஞ்சம் குட்த்துடலாம்."

"அது அங்க இல்லவே இல்லன்னு எழுதிக் குட்த்துட்டு, அப்பால அதுக்கே துட்டு குடுக்கறதா? நல்லா கீதுய்யா உன் ஞாயம்!"

ஆனால் சாவியோ அதற்குள் செய்திருந்த காரியம் மறுநாள்தான் ரோசிக்குத் தெரிந்தது. கஞ்சி எடுத்துக்கொண்டு மருத்துவமனைக்குப் போனபோது ராமசெல்வி தானாகவே ஆரம்பித்தாள்.

"அண்ணன் வந்துட்டுப் போனாகக்கா. நான் ரூம்ல ஸ்டவ்வுல சுட்டுக்கிட்டேன்னு சொல்லணுமாம்ல. சொல்லிடுதேன்க்கா. உங்களுக்கு வண்டி கெடைச்சாப் போதும். என்னால உங்க பொழப்பு கெட வேண்டாம்."

கட்டுப் போட்ட கையைத் தலையணை மேல் வைத்துக்கொண்டு அவள் சிரிக்கக்கூட முயன்றாள். தன் பழைய டியூபால் வெந்தவள், தனக்காகப் பொய்யும் சொல்லத் தயாராக இருக்கிறாள். கஞ்சி டம்ளரைக் கீழே வைத்தாள்.

"யார் கேட்டாலும் நடந்தத சொல்லு. உன்னாண்ட எவன் பொய் சொல்லச் சொன்னாலும், அது எங்க வூட்டுக்காரரா இருந்தாலும், ரோசியக்காகிட்ட கேட்டுக்கன்னு சொல்லிடு."

வீட்டுக்கு வந்து, சர்வேயர் கொடுத்த தாளைத் திருப்பிப்போட்டு, வெற்றுப் பக்கத்தில் எழுதினாள். வண்டியில் அடுப்பு இருந்தது. டியூப் பழசு, மாற்றாதது என் தவறு. ராமசெல்வி என்ற பெண்ணுக்குக் கை வெந்தது. படிக்காமல் கையெழுத்துப் போட்டதும் என் தவறு. இதை மறைக்கச் சர்வேயர் பதினைந்தாயிரம் கேட்டார். அவர் கொடுத்த தாள் இதன் மறுபக்கம். கீழே ஒரே கையெழுத்து.

சாவியோ படித்துவிட்டுப் பதறினான். "உன் தப்பையும் நீயே எழுதுறியே! இத்த வச்சே தள்ளிடுவான்."

"தள்ளட்டும். என் தப்ப நான் சொல்லிட்டா, அத்த வச்சி என்ன மிரட்ட எவனாலயும் முடியாது."

அவன் சட்டையை மாட்டிக்கொண்டான். "இரு, நானும் வரேன்." முந்தின நாள் அவன் மருத்துவமனைக்குப் போனது பற்றி இருவரும் பேசவில்லை. ஆனால் போகும் வழியில் அவன் பஸ்ஸை விட்டிறங்கி, ராமசெல்வியிடம் போய், சொன்னது தப்பு என்று சொல்லிவிட்டு வந்தான்.

இன்சூரன்ஸ் அலுவலகத்தில் மனுவை வாங்கிக்கொண்டார்கள். பெற்றுக்கொண்டதற்குச் சீல் மட்டும் போட மறுத்தார்கள். நகலில் சீல் குத்தும் வரை எழுந்திருக்கப்போவதில்லை என்று ரோசி நாற்காலியில் உட்கார்ந்துவிட்டாள். மதியச் சாப்பாட்டு நேரம் வந்தது, போனது. "மேனேஜர் இல்லம்மா," என்றார்கள். "சீல் கீதுல்ல? அதுக்கின்னா மேனேஜரு?" என்றாள். நாலரை மணிக்குச் சீல் விழுந்தது.

ஒரு மாதம் கழித்துக் கம்பெனி கோரிக்கையை நிராகரித்துக் கடிதம் அனுப்பியது. ரோசி அந்தக் கடிதத்தோடு காப்பீட்டுக் குறைதீர்ப்பாளரிடம் போனாள். அங்கே மனு கொடுக்கக் கட்டணம் கிடையாது, வக்கீலும் வேண்டாம் என்பதே அவளுக்கு அப்போதுதான் தெரிந்தது. இடையில் மஜீதின் கடை ஓரமாக ஒரு மேசை போட்டு, வீட்டில் சமைத்த சோற்றைப் பொட்டலமாக விற்றாள். அதில் வந்ததில் ராமசெல்வியின் அறை வாடகைக்கு ஒரு பங்கு போனது.

விசாரணை நாளில் கம்பெனி அதிகாரி அழுத்தமாகச் சொன்னார். "அடுப்பு இருப்பதை இவர் எங்களிடம் மறைத்திருக்கிறார்."

ரோசி தன் கைபேசியை நீட்டினாள். பாலிசி போட்ட அன்று ஃப்ரெடி எடுத்து, கம்பெனிக்கும் அவளுக்கும் ஒன்றாக அனுப்பிய படங்கள். இரண்டு அடுப்பும் சிலிண்டரும் பளிச்சென்று தெரிந்தன.

"ஃபாரத்துல பொய்க்குக் கையெழுத்து போட்டது நான்தான் சார், இல்லன்னு சொல்லல. ஆனா இந்தப் போட்டோவப் பாத்துட்டுதானே எங்கிட்ட துட்டு வாங்கினாங்க? வாங்க சொல்லோ கண்ணுக்குத் தெரிஞ்ச அடுப்பு, குடுக்க சொல்லோ மட்டும் எப்டி மறைஞ்சிப் போச்சி?"

கம்பெனி அதிகாரி கைபேசியை வாங்கிப் படங்களை ஒவ்வொன்றாகத் தள்ளிப் பார்த்தார்.

தீர்ப்பு முழுக்க அவள் பக்கம் வரவில்லை. தவறான விவரத்தில் கையெழுத்திட்டதற்காக வண்டித் தொகையில் பாதிதான் கிடைத்தது. ராமசெல்வியின் காயத்துக்கு அந்தப் பாலிசியில் இடமே இல்லை. சர்வேயர் மீது தனி விசாரணைக்குப் பரிந்துரைத்தார்கள். ஃப்ரெடியின் ஏஜென்சி நிறுத்தி வைக்கப்பட்டது. ராமசெல்விக்குக் கை மடங்கி நிமிர்ந்தது. தோல் மட்டும் பழையபடி ஆகவில்லை. வந்த பணத்தில் முதல் பங்கை ரோசி அவள் கையில் கொடுத்தாள். மீதியில் வண்டியைச் சீர்செய்து, புது டியூபும் தீயணைப்பு உருளையும் மாட்டினாள்.

பிறகு ஏஜென்ட் யாரும் இல்லாமல், தன் கரும்புச்சாறு கடைக்கும் பாலிசி எடுக்க நினைத்த மஜீதை அழைத்துக்கொண்டு வேறொரு கம்பெனிக்கு நேரில் போனாள். அங்கிருந்த ஜோதிகா என்ற இளம் பெண்ணிடம் ஃபாரத்தைத் தமிழில் வரிவரியாகப் படிக்கச் சொன்னாள். பின்னால் நின்றவர்கள் முணுமுணுத்தார்கள். ரோசி திரும்பிப் பார்க்கவில்லை.

"அடுப்பு, சிலிண்டர், சாப்பிட வர்றவங்களுக்கு அடிபட்டா இழப்பீடு, எல்லாம் சேர்த்தா பிரிமியம் ரெண்டு மடங்குக்கு மேல வரும்க்கா," என்றாள் ஜோதிகா. "நிறைய பேரு வெறும் வண்டிக்கு மட்டும்தான் போடுறாங்க."

மஜீது தயங்கினார். "ரெண்டு மடங்கு பெரிசா கீதேம்மா. எனக்கு மிஷினு, மோட்டாரு எல்லாம் எழுதாம வுட்டுடலாமா?"

ரோசி அவர் பக்கம் திரும்பினாள்.

"நைனா, அந்த சர்வேயருக்கு எங்கிட்ட கை நீட்டற தைரியம் எங்கேந்து வந்துச்சி? நான் எழுதிக் குட்த்த பொய்லேந்துதான். நாம கொஞ்சம் துட்ட மிச்சம் புடிக்க உண்மைய மறைச்சா, அந்தப் பொய்ய கைல புட்ச்சிகினு வர்றவன் எல்லாம் நம்மள மிரட்டுவான். படிச்சிப் பாத்து, உள்ளத உள்ளபடி எழுதிக் கையெழுத்து போட்டவன்தான் நிமிந்து நின்னு கேக்க முடியும். நம்மள நம்பி தட்டு நீட்டறவங்களுக்கும் அதுதான் காப்பு."

சொல்லிவிட்டு ஜோதிகாவிடம் திரும்பினாள்.

"எல்லாத்தையும் எழுது கண்ணு. ஒண்ணு வுடாத."

மஜீது சட்டைப்பையிலிருந்து கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டு, தன் ஃபாரத்தின் முதல் வரியை எழுத்துக்கூட்டிப் படிக்க ஆரம்பித்தார்.