நாற்பத்தொன்றாம் பெட்டி

மருந்துத் தொழிற்சாலைக்குள் போன் போகக் கூடாது. கேட்டில் வாங்கி, எண் போட்ட பெட்டியில் வைத்துப் பூட்டுவது காவலாளியின் வேலை. ‘பெட்டி அண்ணே’ என்றுதான் கூப்பிடுவார்கள். அவருக்கும் ஆட்களின் பெயர் தெரியாது, எண்தான் தெரியும்.

அன்று நாற்பத்தொன்று போனைக் கொடுத்துவிட்டு நகரவில்லை.

“அண்ணே, வீட்டுக்காரருக்கு நெஞ்சுல ஆபரேஷன். எட்டு மாசமா வரிசையில கெடக்கோம். இன்னைக்குத் தேதி குடுப்பாங்களாம். போன்ல மணி அடிக்கும். பத்து நிமிஷத்துல சம்மதம்னு அமுக்கணும். இல்லேன்னா அடுத்த ஆளுக்குப் போயிடும்.”

“நேர்ல போய்ச் சொன்னா என்ன?”

“நேர்ல போனா, போன்ல சொல்லுங்கறாங்க.”

“நல்லா இருக்கு கதை. போம்மா, நான் அமுக்கறேன். இன்னையிலேர்ந்து உன் புருஷனுக்கு நான்தான் டாக்டர்.”

பதினொன்றரைக்கு மணி அடித்தது. மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கொண்டு போனை எடுத்தார். ‘முகத்தைக் காட்டுங்கள்’ என்றது திரை. காட்டினார். ‘நீங்கள் அவர் இல்லை’ என்றது.

“அது எனக்கும் தெரியும்,” என்றார்.

கேட்டை விட்டு நகரக் கூடாது. போனை உள்ளே கொண்டுபோகக் கூடாது. இருபது வருஷத்தில் முதல் தடவையாக இரண்டையும் மீறி ஓடினார். மூக்குக்கண்ணாடி மேஜையிலேயே கிடந்தது.

கண்சொட்டு மருந்து நிரப்பும் அறைக்கு ஒரு பக்கம் கண்ணாடிச் சுவர். உள்ளே பன்னிரண்டு பேர், உச்சி முதல் கால் வரை வெள்ளைத் துணி. எது நாற்பத்தொன்று? திரை உள்ளே தெரியும்படி போனைச் சுவரோடு ஒட்டிப் பிடித்தார். ஒருத்தி எழுந்து வந்தாள்.

அவர் தன் முகத்தைத் தொட்டுக் காட்டினார். அவளுக்குப் புரிந்துவிட்டது. அந்த அறையில் முகமூடியைக் கழற்றினால் அன்று நிரப்பிய அத்தனை புட்டியும் குப்பைக்குத்தான். கழற்றியவளுக்கு வேலை இல்லை.

கழற்றினாள்.

திரை திறந்திருக்க வேண்டும். விரலைச் சுவரில் வைத்து ஓர் இடத்தைக் குத்திக் குத்திக் காட்டினாள். அவர் நின்ற பக்கத்திலிருந்து அது இடது ஓரம். வாயசைத்து என்னமோ சொன்னாள், கேட்கவில்லை. மேற்பார்வையாளர் வந்து அவள் தோளைப் பிடித்து இழுத்தார்.

போனைத் தன் பக்கம் திருப்பினார். கீழே இரண்டு நீலப் பொத்தான்கள். எழுத்து கலங்கலாகத் தெரிந்தது. இடது ஓரத்தை அமுக்கினார். கட்டைவிரலை உயர்த்திக் காட்டினார். அவள் போகிற போக்கில் கை கூப்பினாள்.

கேட்டுக்கு வந்து மூக்குக்கண்ணாடியைப் போட்டார்.

‘உங்கள் மறுப்பு பதிவாகிவிட்டது. இடம் அடுத்தவருக்கு அளிக்கப்பட்டது. நன்றி.’

போனைச் சுவரில் பிடித்த மாதிரியே பிடித்துப் பார்த்தார். அவள் குத்திக் காட்டிய இடம், எதிரே நின்றவளுக்கு வலது ஓரம். மெல்லத் தன் பக்கம் திருப்பினார். இப்போதும் வலதுதான்.

போனைப் பெட்டியில் வைத்துப் பூட்டினார்.

கால் மணி நேரத்தில் அவள் பையோடு வெளியே வந்தாள். கண் சிவந்திருந்தது. ஆனாலும் சிரித்தாள்.

“வேலை போச்சுண்ணே. போனாப் போவுது, வேற பார்த்துக்கலாம். நீங்க மட்டும் ஓடி வரலேன்னா...” கையை நீட்டினாள். “போனைக் குடுங்க. என்ன தேதின்னு பார்த்து அவருக்குச் சொல்லணும். காலையிலேர்ந்து வாசலையே பார்த்துட்டிருப்பாரு.”

அவர் நாற்பத்தொன்றாம் பெட்டியின் முன்னால் போய் நின்றார்.

“சாவியைத் தேடறேம்மா,” என்றார்.

சாவி கைக்குள்தான் இருந்தது.