கங்கம்மா சுற்றிய சங்கு

1

இந்தக் கதையைத் தங்கவயலின் ராபர்ட்சன்பேட்டை மார்க்கெட்டில் கேட்டேன் என்று சொல்ல ஆசைதான். உண்மையில், சங்குச் சத்தம் கேட்டு நந்திதுர்க்கிலிருந்து ஒரு கையில் லுங்கியும் மறு கையில் காலிக் குடமுமாக ஓடியபோது கிடைத்தது. அறுபத்தெட்டு வயதில் ஆட்டோவையே முந்தினேன். (ஆட்டோ நின்றுகொண்டிருந்தது. அது வேறு விஷயம்.)

2

முதல் தொடக்கம்: ‘அன்று சூரியன் பூதிகோட்டைச் சாலையில் தோசை வார்த்துக்கொண்டிரு...’ வேண்டாம். சூரியனுக்கு இவ்வளவு வேலை கொடுத்தால் மற்றவர்களுக்கு என்ன மிச்சம்?

இரண்டாம் தொடக்கம்: கங்கம்மாவுக்கு நம்பிக்கையே இல்லை.

இது சரி. சாலையோர இருளர் குடியிருப்பில் அவள் வைத்ததுதான் சட்டம். அங்கே எல்லோருக்கும் பக்கத்துத் தக்காளித் தோட்டத்தில் கூலி, தோட்டம் முனிரத்தினத்துடையது. போன கோடையில் பறித்துக்கொண்டிருந்த கங்கம்மாவின் மருமகள் வாணி வெயில் தாங்காமல் சுருண்டு விழுந்தாள். வயிற்றுப் பிள்ளை தங்கவில்லை. இந்த மாசியில் மறுபடி ஆறு மாதம்.

கங்கம்மா ஊரைக் கூட்டித் திட்டம் போட்டாள். வெயில் எல்லை மீறினால் சங்கு ஊதும். எல்லோரும் வேலையைப் போட்டுவிட்டுக் குளிர்ச்சியான ஒரு கூடத்துக்கு வந்துவிட வேண்டும். அங்கே தண்ணீர், கட்டில், ஒரு நர்ஸ். மாறிவிட்ட வெயிலிலிருந்து உடம்பைக் காக்கப் பழங்குடிகளே வகுக்கும் திட்டங்களுக்கு நிதி தரும் அமைப்பு ஒன்று பெங்களூரில் இருந்தது. அங்கிருந்து ஷைலஜா வந்தார். அவருக்கு ஒரே சந்தேகம்: சங்கு ஊதினால் தோட்டக்காரர் ஆளை விடுவாரா? ஊதிக் காட்டுங்கள், வந்தால் நிதி என்றார்.

தக்காளி ஏற்ற லாரி நிற்கும்போது ஒருவரையும் விட முடியாது என்று முனிரத்தினம் முந்தின நாளே சொல்லியிருந்தார். ஆக, கங்கம்மாவின் கணக்குப்படி வரப்போவது குடியிருப்பின் நான்கு ஆடுகள் மட்டும்.

3

(இந்த இடத்தில் முனிரத்தினத்துக்கு முறுக்கு மீசை வைத்திருந்தேன். நேரில் அவருக்கு மீசையே கிடையாது. மழித்துவிட்டேன்.)

சங்கு, பழைய சுரங்கத் தொழிலாளி சிரிலின் கொல்லையில் கிடந்தது. கைப்பிடியைச் சுற்றினால் கதறும் சுரங்கத்துச் சைரன். விட்டுவிட்டு ஊதச் சொல்லித்தான் கொடுத்தார். கங்கம்மாவுக்கு இருந்த ஆத்திரத்தில் கை நிற்கவில்லை. ஒரே நீள ஊதல்.

* அடிக்குறிப்பு, அடியில் வைக்கப் பொறுமையில்லை: சுரங்கம் மூடி இருபது வருடத்துக்கு மேலாகிறது. ஆனாலும் எங்கள் தங்கவயலில் ஷிப்ட் நேரம் தவறி நீளமாகச் சங்கு ஊதினால், கீழே ஆள் மாட்டிக்கொண்டது என்று பொருள். கேட்டவர் ஓடவேண்டும். காரணம் கேட்க யாரும் நிற்பதில்லை.

ஓடினோம். பத்தாயிரம் பேர். (சரி, நூறு.) கயிற்றுக் கட்டிலோடு நாலு பேர், பல்செட்டை மறந்துவிட்டு சிரில். எல்லோருக்கும் முன்னால், செருப்புகூட இல்லாமல், முனிரத்தினம். அவருக்குப் பின்னால், முதலாளியே ஓடும்போது நமக்கென்ன என்று தக்காளிக் கூடைகளோடு முழுக் குடியிருப்பும்.

“யாரு மாட்டிக்கினாங்க? எந்த ஷாப்ட்?” சுரங்கக் குழியைத்தான் கேட்டார் முனிரத்தினம்.

கங்கம்மா கைப்பிடியை விடவில்லை. “ஷாப்ட் இல்லண்ணா. நாங்க வெயில்ல மாட்டிக்கினு கீறோம். போன வருசம் வாணி வுழுந்தப்ப ஊதறதுக்கு சங்கு இல்ல.”

முனிரத்தினத்தின் அப்பா நந்திதுர்க் சுரங்கத்துக்குள் போனவர், திரும்பவில்லை. அன்றும் மகன் இப்படித்தான் ஓடினாராம். முனிரத்தினம் தன் ஆட்கள் பக்கம் திரும்பினார்.

“இன்னா நிக்கிறீங்க? நெழலுக்குப் போங்க. லாரி கெடக்கட்டும்.” ஷைலஜாவிடம் குரல் இறங்கியது. “சங்கு ஊதின அப்புறம் நான் எப்படிம்மா வேல வாங்குவேன்? எங்கப்பாவுக்கு யாரு பதில் சொல்றது?”

4

நிதி வந்தது. ஒரே ராத்திரியில் அரண்மனை எழுந்தது. (ஒரு மாதம் ஆனது, ஓலைக் கூரை. ஆனால் உள்ளே போய்ப் பாருங்கள், ஊட்டி தோற்றது.) முதல் கட்டிலைக் கங்கம்மா வாணிக்கென்று ஒதுக்கிவிட்டாள்.

வாணிக்கு வைகாசியில் நாள். கதைக்கு முடிவாக மூன்று பிள்ளைப்பேறுகள் எழுதிப் பார்த்தேன், ஒன்றில் இரட்டை. எல்லாவற்றையும் அடித்துவிட்டேன். பிள்ளை தானே வந்து சொல்லட்டும்.

அதுவரை சித்திரை இருக்கிறது. சங்கு கூடத்து வாசலில்தான், எண்ணெய் போட்டாயிற்று. கைப்பிடியை உங்களிடம் தருகிறேன். வெயில் ஏறினால் சுற்றுங்கள். ஓடி வருகிறோம். இந்த முறை என் குடத்தில் தண்ணீரும் இருக்கும்.